ஒற்றைச் செருப்பு வாட்டும் போலி மடாதிபதியும்

டெஸ்மண்ட் கார்ட்ரைட்டுக்கு அன்று காலையிலிருந்தே மனசு சரியில்லை.

யார்க்‌ஷயரில் அவர் ஊரை ஒட்டிய காட்டில், கோடைதோறும் ஒரு சனி ஞாயிறு, வேஷம் கட்டி விளையாடும் கூட்டம் ஒன்று உண்டு. ராஜா காலத்தில் ஷெரீஃப் என்ற காவல் அதிகாரிக்குப் பயந்து அந்தக் காட்டில் ஒளிந்து திரிந்த ஒற்றைச் செருப்பு வாட் என்ற கொள்ளைக்காரனின் கதைதான் விளையாட்டு. ஏழடி உயரம், மான் தோற்றுப்போகும் ஓட்டம், கோட்டைச் சுவரிலிருந்து ஒரு செருப்பை விட்டுவிட்டுக் குதித்தவன் என்று அவனைப் பற்றிப் பாட்டெல்லாம் இருந்தது.

வாட் வேஷம் எப்போதும் டெஸ்மண்டுக்குத்தான். ஆனால் லிஃப்ட் பழுது பார்த்துப் பார்த்து அவருடைய வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. இந்த வருஷம் கூட்டத்தார் வேஷத்தைத் தூக்கி, வீடு வீடாகத் தபால் போடும் ஹேசலிடம் கொடுத்துவிட்டார்கள்.

"கோவிச்சுக்காதீங்க டெஸ்மண்ட். போன வருஷம் உங்களைப் பிடிச்சிடக் கூடாதேன்னு ஷெரீஃப் ஆளுங்க மெதுவா நடந்து வந்தாங்க. பார்க்க நல்லாவா இருந்துச்சு?" என்றாள் ஹேசல்.

"நான் எங்க கோவிச்சுக்கிட்டேன்?" என்றார் டெஸ்மண்ட், கோபமாக.

அவருக்குக் கிடைத்தது கிறிஸ்தவ மடாதிபதி வேஷம். ஓடையோரப் பாதையில் தனியே நடந்து வந்து கொள்ளை போக வேண்டியதுதான் வேலை. அங்கியும் முக்காடு வைத்த கறுப்புப் போர்வையும் மாட்டிக்கொண்டு, சாப்பாட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பாதி வழியில் மழை பிடித்தது. பொந்து விழுந்த ஒரு பெரிய ஓக் மரத்துக்குள் புகுந்தார். மழை விட்டதும் மறுபக்கத்துத் திறப்பு வழியாக வெளியே வந்தார். எப்படி நடந்தது என்று கேட்டால் அவருக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அந்தப் பக்கத்தில் ஓடை இருந்தது, பாதை இல்லை. தூரத்து நெடுஞ்சாலையின் இரைச்சலும் இல்லை.

புதரிலிருந்து மூன்று பேர் பாய்ந்து அவரை மடக்கினார்கள்.

"அட, புது ஆளுங்களா? மேக்கப் பிரமாதம் போங்க! பல்லை எப்படி இவ்வளவு கறுப்பாக்கினீங்க?" என்றார் டெஸ்மண்ட்.

அவர்களில் ஹாம்லின் என்ற நெட்டையன் பளாரென்று ஓர் அறை விட்டான். அறையைவிட அவன் மேலிருந்து அடித்த நாற்றம்தான் டெஸ்மண்டை யோசிக்க வைத்தது. வேஷத்துக்காக எவனும் அவ்வளவு நாள் குளிக்காமல் இருக்க மாட்டான். அவர்கள் பேசியது ஊர்ப் பேச்சைச் சேற்றில் ஊறவைத்தது போல இருந்தாலும், காது பழகப் பழகப் புரிந்தது. இவர்கள் நிஜம் என்று தெரிந்ததும் அவர்கள் இழுத்த இழுப்புக்குக் கூடவே நடந்தார்.

கணப்பின் அருகே, ஒரு மரக்கட்டையில் காலை நீட்டிக்கொண்டு குள்ளமான ஒருவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"வாட் அண்ணே, கொழுத்த சாமி ஒண்ணு மாட்டுச்சு!" என்றான் ஹாம்லின்.

டெஸ்மண்ட் அவன் பாதங்களைப் பார்த்தார். "ரெண்டு செருப்பும் இருக்கே?"

"அதுவா சாமி? எப்பவோ ஒரு செருப்பு சேத்துல மாட்டிக்கிச்சு. அதை வச்சே பேரு கட்டிட்டானுங்க."

வாட் பையைக் கவிழ்த்து, பன்றி இறைச்சிப் பணியாரத்தை ஒரு கடி கடித்து, "உங்க மடத்துச் சமையக்காரன் கையை முத்தமிடணும்" என்றான். தேநீரை மட்டும் துப்பிவிட்டான். டெஸ்மண்ட் முனகிக்கொண்டே கட்டையில் உட்கார்ந்தார். வாட்டும் முனகிக்கொண்டே நகர்ந்து இடம் கொடுத்தான்.

"எந்தக் காலு சாமி?"

"வலது."

"எனக்கும் அதேதான். மழை வந்தா குடையுமா?"

"வர்றதுக்கு முன்னாடியே குடையும்."

வாட் குரலைத் தாழ்த்தினான். "ஹாம்லினைத் தலைவனாக்கணும்னு பசங்க பேசிக்கிறானுங்க. எனக்குக் காதும் போச்சுன்னு அவனுங்க நினைப்பு."

டெஸ்மண்டுக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அப்போது கொம்பு ஊதும் சத்தமும் குதிரைக் குளம்புகளும் கேட்டன. "ஷெரீஃப் ஆளுங்க!" என்று எவனோ கத்தினான். கண் மூடித் திறப்பதற்குள் காடு காலி. மிஞ்சியது முழங்கால் போன இரண்டு பேர்தான்.

டெஸ்மண்ட் தன் போர்வையைக் கழற்றி வாட்டுக்குப் போர்த்தி, முக்காட்டை மூக்கு வரை இழுத்துவிட்டார். "நீங்க என் சிஷ்யர். வாயைத் திறக்கக் கூடாது."

"இருமல் வருதே!"

"இருமிக்கோங்க. பேசாதீங்க."

வந்தவர்களின் தலைவன் ஃபுல்க், தூண் மாதிரி ஆள். "சாமி, ஒற்றைச் செருப்பு வாட்டைப் பார்த்தீங்களா? ஏழடி இருப்பான்."

"சத்தியமா அவ்வளவு உயரத்துல யாரையும் பார்க்கலை" என்றார் டெஸ்மண்ட்.

ஃபுல்க் குதிரையிலிருந்து இறங்கி, ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மண்டியிட்டான். "ஆசி குடுங்க சாமி. ஒரு பாவமும் சொல்லணும்."

அந்தக் காலத்தில் ஆசி என்றால் லத்தீனில்தான். டெஸ்மண்டுக்குத் தெரிந்த லத்தீனெல்லாம் தன் காய்கறித் தோட்டத்தில் நட்டிருந்த பெயர்ப் பலகைகள்தான். அவர் கையை உயர்த்தி, "பிராசிகா ஒலரேசியா… அல்லியம் சேபா… டாக்கஸ் கரோட்டா…" என்று முட்டைக்கோஸ், வெங்காயம், கேரட் மூன்றையும் இழுத்து இழுத்து ஓதினார். ஃபுல்க்கின் கண் கலங்கிவிட்டது.

"சாமி, வாட்டைப் பிடிச்சுட்டா என்னை வடக்கே எல்லைச் சண்டைக்கு அனுப்பிடுவாங்க. அதனால அவன் தடம் தெரிஞ்சாலும் வேற பக்கம் போயிடறேன். இது பெரிய பாவமா?"

முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு விநோதச் சத்தம் வந்தது.

"உங்க சிஷ்யருக்கு என்ன ஆச்சு?"

"உங்க பாவத்தை நினைச்சு அழறார்" என்றார் டெஸ்மண்ட். "பாவம்தான் மகனே. ஆனா உயிரைக் காப்பாத்திக்கறதும் கடமைதானே? பழையபடியே பண்ணிக்கிட்டு இரு."

ஃபுல்க் அவர் கையை முத்தமிட்டுவிட்டு, ஆட்களைக் கூட்டிக்கொண்டு எதிர்த்திசையில் போனான்.

வாட் சிரித்துச் சிரித்துக் கட்டையிலிருந்து கீழே விழுந்தான். அவன் எழுந்து உட்கார்ந்த நேரத்தில் கூட்டாளிகள் ஒவ்வொருவராகப் புதரிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். தலைவன் விட்ட இடத்திலேயே இருக்கிறான், குதிரைகளைக் காணோம்.

"ஓடாம என்ன அண்ணே பண்ணீங்க?" என்றான் ஹாம்லின்.

"நான் எதுக்குடா ஓடணும்? ஃபுல்க்குதான் ஓடினான். அடுப்புல விறகு வை."

ஹாம்லின் மறுபேச்சில்லாமல் விறகு பொறுக்கப் போனான்.

ஓக் மரம் வரை வாட்டே கூட வந்தான். டெஸ்மண்ட் வலிக்காக மாட்டியிருந்த தன் முழங்கால் உறையைக் கழற்றி அவன் காலில் மாட்டிவிட்டார். வாட் இரண்டடி நடந்து பார்த்துவிட்டு நின்றான்.

"உண்மையைச் சொல்லுங்க. நீங்க சாமியாரே இல்லதானே?"

"இல்ல. மனுஷங்களை மேலேயும் கீழேயும் கொண்டுபோற பெட்டி ஒண்ணு இருக்கு. அதைப் பழுது பார்க்கிறவன்."

வாட் வானத்தையும் மண்ணையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப சாமியார்தான்" என்று மார்பில் சிலுவை போட்டுக்கொண்டான்.

மரத்தின் இந்தப் பக்கம் வந்தபோது ஹேசல் தொப்பலாக நனைந்து காத்திருந்தாள்.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க? கொள்ளையடிக்க ஆளில்லாம நான் எவ்வளவு நேரம் மரத்துமேல உட்கார்றது?"

"வாட் மரமெல்லாம் ஏறமாட்டான் ஹேசல். கட்டையில உட்கார்ந்த இடத்துலயேதான் இருப்பான்."

"பொண்ணு நடிக்கிறது உங்களுக்குப் பிடிக்கலை, அதானே?"

"சேச்சே. பொண்ணுங்கிறதுல ஒண்ணுமில்ல. நீ உயரம் ஜாஸ்தி."

ஹேசல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மறுநாள் விளையாட்டில் ஓடிக் களைத்து, ஒரு கட்டையில் உட்கார்ந்தபடியே மடாதிபதியை அதட்டினாள். டெஸ்மண்ட் மண்டியிட்டுக் கதறி, முட்டைக்கோஸிலிருந்து தொடங்கித் தோட்டம் முழுவதையும் ஓதினார். ஹேசலுக்குச் சிரிப்பில் வசனம் மறந்துவிட்டது. அடுத்த கோடைக்கும் மடாதிபதி வேஷம் தனக்கே வேண்டும் என்று அன்றே கேட்டு வாங்கிக்கொண்டார் டெஸ்மண்ட்.