யார் முந்திச் சலாம் சொல்வது

நதீராவும் அவளுடைய மூத்த சகோதரி ஆகிலா ராத்தாவும் நாலு வருஷமாகச் சலாம் சொல்லிக்கொள்வதில்லை. கல்முனையில் இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் வீடு. கடைத்தெருவில் எதிரெதிரே வந்துவிட்டால் ஒருத்தி புடவைக்கடைக் கண்ணாடியைப் பார்ப்பாள், மற்றவள் வானத்தைப் பார்ப்பாள். முந்திச் சலாம் சொல்கிறவருக்குத்தான் நன்மை அதிகம் என்று இருவருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? முந்திச் சொன்னால் தோற்றுப்போனதாக ஆகிவிடுமே!

சண்டைக்குக் காரணம் ஒரு கலியாண அழைப்பு. நதீரா மூத்த மகள் ஸப்னாவின் கலியாணத்துக்கு ஊர் முழுக்க வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். சொந்த ராத்தாவுக்கு மட்டும் அழைப்பிதழைப் போனில் படமாக அனுப்பிவிட்டாள். நம்மட ராத்தாதானே, அவக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கு என்ற நினைப்பு. ஆகிலா வரவில்லை. இப்போது இளையவள் றுஸ்னாவுக்கு நாள் வைத்தாயிற்று. பெரியம்மா இல்லாமல் இந்தக் கலியாணமும் நடந்தால் உறவு அத்தோடு சரி என்று நதீராவுக்குப் பயம் பிடித்தது.

அந்த நேரத்தில்தான் மெட்டில்டா டீச்சர் பெண்களுக்குச் சனிக்கிழமை இங்கிலீஷ் வகுப்புத் தொடங்கினார். லண்டனில் இருக்கும் ஸப்னாவிடம் போகும் ஆசையில் நதீரா சேர்ந்தாள். போய்ப் பார்த்தால் முன்வாங்கில் ஆகிலா! அவளுக்கு மகன் அவுஸ்திரேலியாவில். வயதில் மூத்தவர்கள் இவர்கள் இருவரும்தான் என்று டீச்சர் ஜோடி சேர்த்துவிட்டார். பாவம், அவருக்கு ஊர்க்கதை எதுவும் தெரியாது.

முதல் பாடம், முன்பின் தெரியாதவரைச் சந்திப்பது. "கை குடுத்துச் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

"ஹவ் டூ யூ டூ?" என்றாள் நதீரா, மேசையைப் பார்த்துக்கொண்டு.

"ஹவ் டூ யூ டூ?" என்றாள் ஆகிலா, யன்னலைப் பார்த்துக்கொண்டு.

ராத்தாவின் கை மெலிந்துபோயிருந்தது. அன்று முழுக்க அந்தக் கை நதீராவின் மனதை விட்டுப் போகவில்லை. இது சலாமும் இல்லை, சமாதானமும் இல்லை, வெறும் பாடம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை, மரியாதைக்குரியவர்களுக்கு 'குட் மோர்னிங்'. அதற்கடுத்தது, பழகியவர்களுக்கு 'ஹலோ'. அன்றைக்கு ஆகிலா தங்கச்சியின் முகத்தை நேரே பார்த்தே சொன்னாள். "அடுத்த கிழமை ஹாய். அது ஆகக் கிட்டின, நெருக்கமானவங்களுக்கு" என்று டீச்சர் சொல்லி அனுப்பினார்.

அந்தக் கிழமை முழுக்க நதீரா குசினியில் கறி கிண்டக் கிண்ட ஹாய் சொன்னாள்.

"உம்மா, யாரோட கதைக்கிறீங்க?" என்றாள் றுஸ்னா.

"பாடம் புள்ள, பாடம்."

சனிக்கிழமை ஆகிலா வரவில்லை. காய்ச்சலாம், காலும் வீங்கியிருக்காம் என்று யாரோ சொன்னார்கள். டீச்சர் நதீராவைத் தன்னோடு ஜோடி சேர்த்துக்கொண்டார். ஒரு கிழமையாகச் சேர்த்து வைத்த ஹாயை டீச்சருக்குக் கொடுக்க நதீராவுக்கு மனமில்லை. பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டாள்.

ஆகிலா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து கதவைத் திறந்தாள்.

"ஹாய்" என்றாள் நதீரா. பேரப்பிள்ளை காணும் வயதில், வாசலில் நின்று, சின்னப்பிள்ளை மாதிரி.

ஆகிலா கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். "அந்தப் பாடமும் முடிஞ்சிட்டா?"

"ஓம். ஆகக் கிட்டினவங்களுக்குச் சொல்றதாம்."

"அதுக்குப் பொறகு என்ன பாடம்?"

"அதுக்குப் பொறகு இங்கிலீஷில ஒண்டும் இல்ல, ராத்தா." நதீரா நிமிர்ந்து ராத்தாவின் முகத்தைப் பார்த்தாள். "அஸ்ஸலாமு அலைக்கும்."

"வஅலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு." ஒரு சொல் மிச்சம் வைக்காமல் சொன்னாள் ஆகிலா.

"றுஸ்னாட கலியாணத்துக்குச் சொல்ல வந்தன். முதல் வீடு உங்கடதான்."

ஆகிலாவின் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"இந்த வெயிலுக்குள்ள நடந்தா வந்த? போன்ல போட்டிருக்கலாமே" என்றாள். சொல்லிக்கொண்டே தங்கச்சியின் கையைப் பிடித்தாள், இந்தமுறை டீச்சர் சொல்லாமலே.