சுண்டெலிக்கு வந்த இன்னொரு கார்

தீவில் இறங்கியதிலிருந்து அவள் எல்லோரையும் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். சூடு கண்ட பூனை அப்படித்தான் பார்க்கும். போன விடுமுறைக்கு விமான நிலையத்துக்குக் கார் ஏற்பாடு செய்தவள் அவள்தான். தேதியை மாற்றிப் போட்டுவிட்டாள். குழந்தைகளோடு வெயிலில் காய்ந்து, சின்னவனுக்குக் காய்ச்சல் கண்டு, விடுமுறை முழுக்க ஓட்டல் அறைக்குள்ளேயே போயிற்று. கணவர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் சொல்லிக்கொண்டே இருந்தார். அடுப்பை அணைத்தாயா என்று ஆரம்பித்தாலும் பேச்சு அந்தத் தேதியில்தான் போய் நிற்கும்.

அதனால் இந்த முறை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"கார் என் பொறுப்பு. நீங்க தலையிடக் கூடாது."

"நான் ஏம்மா தலையிடப் போறேன்," என்றார் அவர்.

ஒரே ஒரு கார் ஒழுங்காக வந்து நின்றுவிட்டால் போதும், வீட்டில் மறுபடியும் தலைநிமிர்ந்து நடக்கலாம். கேட்டால் சிரிப்பு வரும். சிரிப்பு வராதவர்கள் வீட்டில் இப்படி ஒரு கார் இருந்திருக்கும்.

கார் வந்தும் விட்டது. விமான நிலைய வாசலில் மீசைக்கார ஓட்டுநர் ஒருவர் அவள் பெயர் எழுதிய அட்டையோடு நின்றார். அவள் விடுவாளா? அவருடைய உரிமத்தை வாங்கி, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். குழந்தை இருக்கை இரண்டும் மாட்டியாயிற்றா என்று மூன்று விதமாகக் கேட்டாள்.

"பொண்ணு பார்க்கப் போன வீட்டுல கூட இவ்வளவு கேக்கலம்மா," என்றார் மீசைக்காரர். "இங்கயே நில்லுங்க, வண்டிய எடுத்துட்டு வந்துடறேன்."

கணவர் இன்னும் உள்ளே இருந்தார். குழந்தைவண்டி பெட்டிகளோடு வரவில்லையாம். தனியாக ஒரு கவுண்டரில் தேடச் சொல்லியிருந்தார்கள். அவருடைய போனோ, சின்னவன் பொம்மைப் படம் பார்ப்பதற்காக அவள் தோள்பையில் கிடந்தது.

அப்போது ஐந்து வயது மகள் அவள் கையை உதறிக்கொண்டு ஓடினாள்.

"அம்மா, என் பேரு!"

தூணோரமாக ஒரு பெண் நின்றிருந்தாள். ஓட்டுநர் சீருடை, கையில் அட்டை. அதில் 'சுண்டெலி' என்று எழுதியிருந்தது.

அது வீட்டுக்குள் மட்டும் கூப்பிடும் பெயர். பள்ளிக்கூடத்துக்குக்கூடத் தெரியாது. சின்னவனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடிப்போய் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"யாரு நீங்க? இந்தப் பேர் எப்படித் தெரியும்?"

அந்தப் பெண் அட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். ஒளித்ததுதான் தப்பாகப் போயிற்று. மீசைக்காரரும் இவளும் கூட்டுக்களவாணிகளோ? அவர் வண்டி எடுக்கப் போவதுபோலப் போவது, இவள் பிள்ளையை அழைத்துக்கொண்டு கிளம்புவது. அவள் காவலரைத் தேடினாள்.

"ஐயோ, போலீசெல்லாம் வேணாம் மேடம். சின்னத்தம்பி வளைவுல வாந்தி எடுப்பாப்ல, ஜன்னலோரமா இருக்கை போடணும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். போட்டிருக்கேன்."

"யார் சொன்னா?"

"இவங்க அப்பாதான்." அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "அம்மா ஏற்பாடு பண்ண கார் வராட்டி மட்டும் நீ வான்னாரு. வந்துட்டா, கண்ணுல படாம திரும்பிப் போயிடணும்னாரு. போன்ல சொல்றேன்னாரு, போனே வரல. ரெண்டு அட்டையிலயும் ஒரே பேர் இருந்தா நீங்க கண்டுபிடிச்சுடுவீங்களாம், அதான் இந்தப் பேரு."

குழந்தை தன் பெயரைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்துவிடும் என்பது அந்தக் கெட்டிக்காரருக்குத் தோன்றவில்லை. அவளுக்கு அழுகையாக வந்தது. திருடியாக இருந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

கணவர் குழந்தைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டு பெண்களும் சேர்ந்து நிற்பதைப் பார்த்ததும் நடை தளர்ந்தது.

"ஒரு பாதுகாப்புக்குத்தாம்மா..."

"யார்கிட்டேருந்து?" என்றாள் அவள்.

அவர் அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு வந்தார். "மன்னிச்சுக்கோ. அந்தத் தேதிப் பேச்ச இனிமே எடுக்கவே மாட்டேன். உன்ன நம்பறேன், போதுமா?" என்றார். முகம் நிஜமாகவே வாடியிருந்தது. அவளுக்கும் மனம் இளகிற்று.

மீசைக்காரர் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டு இருக்கைகளும் சொன்னபடியே இருந்தன. அவள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, பெல்ட்டைப் பூட்டி, சத்தம் கேட்ட பிறகே கதவைச் சாத்தினாள். முன்னால் போய் ஏறிக்கொண்டு, "போகலாம்ண்ணே," என்றாள்.

கண்ணாடியில் பின்னிருக்கை தெரிந்தது. அவள் ரோட்டைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு அவர் கையை நீட்டி மகளின் பெல்ட்டை மெதுவாக இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை. பிறகு சின்னவனுடையதையும் இழுத்துப் பார்த்தார்.