தெயோக்லெஸின் தாடி

என் கணவர் தெயோக்லெஸ் ஏதென்ஸில் தத்துவம் பேசித் திரிந்தவர். தாடியில் சீப்பு படவே விட்டதில்லை; குளிப்பதும் அபூர்வம்.

"இயற்கை வளர்த்ததை நீ ஏன் திருத்தப் பாக்குற?" என்பார்.

"அந்த இயற்கைதான் பேனையும் வளர்த்து வச்சிருக்கு."

"பாவம், அதுங்களும் எங்கயாவது குடியிருக்க வேண்டாமா?"

ஒவ்வொரு முறையும் நான் தோற்றுப்போய்ச் சீப்பை எடுத்து வைத்துவிடுவேன்.

அவர் இறந்த அன்று, வழக்கப்படி வீட்டுப் பெண்கள் நாங்கள் உடலைக் கழுவி எண்ணெய் பூசினோம். அவருடைய தங்கை மெலிட்டா கத்தரியை நீட்டினாள்.

"அண்ணி, இப்பவாவது இந்தப் புதரை வெட்டி விடுங்க. ஊரே பாக்க வரும்."

வாங்கிக்கொண்டு தாடியைக் கையில் பிடித்தேன். பழக்க தோஷம், அவர் மறுத்துப் பேசுவார் என்று காத்திருந்தேன்.

"என்ன அண்ணி, வெட்டலையா?"

"உன் அண்ணன் இன்னும் ஒத்துக்கலடி."

"செத்தவர் எப்படி ஒத்துக்குவார்?"

"அதான். பதில் பேச முடியாத மனுஷன்கிட்ட ஜெயிச்சு நான் என்ன பண்ண?"

கத்தரியைத் திருப்பிக் கொடுத்தேன். சிக்கு எடுக்காமல், விரலால் மட்டும் தாடியை நீவிவிட்டேன்.

மெலிட்டா அழுதுகொண்டே சிரித்தாள். "குளிப்பாட்டினதுல நாத்தம் போயிடுச்சே, அண்ணி."

"அதுக்கே கோவிச்சுக்குவார்" என்றேன்.