முதல் வியாழக்கிழமைகளில் வளர்ந்த பிள்ளை

கரவெட்டி ஆழ்வாப்பிள்ளையின் வீட்டில் இருந்த நிவேதனா மாதத்தில் பத்து நிமிடம் மட்டுமே வளர்ந்தாள். அந்தப் பத்து நிமிடமும் முதல் வியாழக்கிழமையில், யாழ்ப்பாணத்துச் சிறைச்சாலையில், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தாயும் இந்தப் பக்கம் பிள்ளையும் நிற்கும்போது வந்துபோயின. ஒவ்வொரு முறையும் கால் அங்குலம். மற்ற நாட்களில் நகம்கூட வளரவில்லை. இதை முதலில் கண்டவர் ஆழ்வாப்பிள்ளையின் மனைவி ஞானாம்பிகை. காலையில் முழங்காலை மூடியிருந்த சட்டை, திரும்பி வரும்போது முழங்காலைக் காட்டியது. அதன் பிறகு அவர் பிள்ளையின் சட்டைக் கரையை நாலு விரல் உள்ளே மடித்துத் தைத்தார். திரும்பும் பஸ் வல்லைவெளியைக் கடக்கும்போது நூலைப் பல்லால் கடித்து, வேண்டிய அளவு இறக்கி, வீடு வருமுன் மறுபடி தைத்துவிடுவார்.

தாய் தயாளினி, ஞானாம்பிகையின் கடைசித் தங்கை. தாய் தகப்பன் இல்லாத அவளை எட்டு வயதிலிருந்து தன் வீட்டில் வைத்துப் படிப்பித்தவர் ஆழ்வாப்பிள்ளை. இருபத்திரண்டு வயதில் அவள் தான் விரும்பியவனோடு போய்க் கலியாணப் பதிவு எழுதியபோது, இனி அவளோடு கதைப்பதில்லை என்று அவர் முடிவெடுத்தார். முப்பது வருடம் தபாலதிபராக இருந்தவர்; பிள்ளையார் கோயிலின் மூன்றாம் திருவிழா மூன்று தலைமுறையாக அவர் குடும்பத்து உபயம்; கஞ்சி போட்ட வேட்டியின் மடிப்புக் கலையாமல் பஸ்ஸில் ஏறி இறங்கத் தெரிந்தவர். எடுத்த முடிவை மாற்றும் பழக்கம் அவரிடம் இருக்கவில்லை. பிறகு அந்தப் புருசன் குசினி அடுப்புக்குப் பின்னால் ஒரு கஞ்சாப் பொட்டலத்தை ஒளித்துவைத்துவிட்டு, வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போய்விட்டான். பொலிஸ் வந்தபோது குசினியில் நின்றவள் தயாளினி. ஐந்து வயது நிவேதனாவை யார் பாரமெடுப்பது என்று நீதிமன்றம் கேட்டது. எங்கள் பிள்ளை சிறுவர் இல்லத்தில் வளர்வதா என்று ஆழ்வாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். மாதம் ஒருமுறை பிள்ளையைத் தாயிடம் காட்ட வேண்டும் என்று அந்தத் தாளிலேயே எழுதியிருந்தது. ஊருக்கு அவர் வேறு விதமாகச் சொல்லி வைத்தார். தயாளினி கனடாவில். பிள்ளைக்குக் கண்ணில் கொஞ்சம் குறை, அதற்காக மாதாமாதம் டொக்டரிடம் போகிறார்கள்.

சிறைச்சாலையில் அவர் பின்சுவரோடு நிமிர்ந்து நின்று, தயாளினியின் தலைக்கு மேலே இருந்த மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். "அத்தான், ஒரு சொல்லாவது கதையுங்கோவன்" என்று அவள் ஒவ்வொரு முறையும் கேட்டாள். மணிக்கூட்டில் பத்து நிமிடம் போனதும் அவர் முதல் ஆளாக வெளியே வருவார். வழக்குத் தவணைக்கு மேல் தவணை போட்டுப் போனது. பிள்ளை வலையில் நெற்றியை வைத்து, பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டுகளைச் சொல்லிக்கொண்டே வளர்ந்தாள்.

இரண்டாம் வருடத்தில் ஒரு முதல் வியாழன், சிறைச்சாலை வாசல் வரிசையில் எதிர்வீட்டுப் பத்மாவதி நின்றாள். அவளுடைய மகன் வாள்வெட்டு வழக்கில் உள்ளே இருந்தான். ஊருக்கு அவன் கொழும்பில் வேலை. இருவரும் ஒருவரை ஒருவர் கண்டார்கள். ஒருவரும் ஊரில் வாய் திறக்கவில்லை. ஆனாலும் ஆழ்வாப்பிள்ளை அன்று வீட்டுக்கு வந்து, "இனி அந்தப் படி மிதிக்கிறேல்லை" என்றார். நன்னடத்தை அலுவலர் விசாரித்தபோது பிள்ளைக்குச் சுகமில்லை என்று சொன்னார். அது பொய் என்ற உறுத்தல் அவருக்கு ஒரு கிழமைக்கு மேல் இருக்கவில்லை.

பதினொரு மாதம் நிவேதனா வளரவில்லை. தலைமயிர் ஒரு நூல் நீளவில்லை. போன தீபாவளிச் சட்டை இந்தத் தீபாவளிக்கும் அளவாக இருந்தது. வகுப்பில் பின்வரிசை வாங்கில் இருந்தவளை முன்வரிசைக்கு மாற்றினார்கள். கடைசியாகத் தாயைப் பார்த்தபோது ஆடத் தொடங்கியிருந்த முன்பல் விழவுமில்லை, இறுகவுமில்லை. அவள் அதை நாக்கால் தள்ளித் தள்ளி, பிட்டைக்கூடக் கடைவாயில் ஒதுக்கித் தின்றாள். பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் நிறுத்து அளந்து, ஒரு நோய் வருத்தமும் இல்லை என்று சிரப் எழுதிக் கொடுத்தார்கள். ஆழ்வாப்பிள்ளை மூன்று போத்தல் சிரப் பருக்கினார், பிள்ளையார் கோயிலில் அருச்சனை செய்தார், விடியற்காலையில் பிள்ளையைக் கதவுநிலையோடு நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டார். கோட்டின் மேலேயே கோடு விழுந்தது. பென்சில் அந்த இடத்தில் மரத்தைத் தோண்டிவிட்டது.

"உங்கடை மரியாதையை அந்தக் கோட்டிலை அளந்து பாருங்கோ. அதாவது வளந்திருக்கோ எண்டு" என்றார் ஞானாம்பிகை. முப்பத்தைந்து வருடத்தில் அவர் புருசனுக்குச் சொன்ன ஒரே கடுஞ்சொல் அது. அடுத்த முதல் வியாழன் ஆழ்வாப்பிள்ளை வேட்டி கட்டிப் பிள்ளையைக் கையில் பிடித்தார்.

தயாளினி மெலிந்திருந்தாள். பதினொரு மாதம் எங்கே என்று கேட்கவில்லை. பிள்ளையின் வாயைப் பார்த்தாள். "போன முறை ஆடின பல்லு. இன்னும் விழேல்லையே?" என்றாள். பிறகு பிள்ளையின் உயரத்தைப் பார்த்தாள், பிறகு ஆழ்வாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் மணிக்கூட்டைத் தேடினார். அதைக் கழற்றிக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். நிவேதனா பாட்டுச் சொல்லத் தொடங்கினாள். இரண்டாவது பாட்டின் நடுவில் பல் அவள் உள்ளங்கையில் விழுந்தது. சட்டை கால் அங்குலம் ஏறியது. கால் அங்குலம் மட்டுந்தான். விட்டுப்போன பதினொரு மாதம் திரும்பி வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை.

வலையால் எதையும் கொடுக்க விடமாட்டார்கள். பிள்ளை பல்லை உள்ளங்கையில் உயர்த்திக் காட்ட, தயாளினி அந்தப் பக்கமிருந்தபடியே பார்த்தாள். "அத்தான், பால்பல்லைத் தாய் இருக்கிற வீட்டுக் கூரையிலைதானே எறியிறது. எனக்கு வீடு இதுதான். எறிஞ்சு விடுவீங்களோ?"

"ஓம்" என்றார் ஆழ்வாப்பிள்ளை. ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவளிடம் சொன்ன முதல் சொல்.

சிறைச்சாலைக் கூரைக்கு எதையும் எறிவது குற்றம். போதைப்பொருளை அப்படித்தான் எறிகிறார்கள். வாசலில் இருந்த பெரிய பலகையில் அது எழுதியிருந்தது. அரசாங்க அறிவித்தல்களை முழுதாக வாசிக்கிற ஆழ்வாப்பிள்ளை அதையும் வாசித்திருந்தார். வெளியே வந்து, சால்வையை இடுப்பில் கட்டி, வரிசை முழுவதும் பார்க்க, பார்வையாளர் மண்டபத்து ஓட்டில் பல்லை எறிந்தார். வரிசையில் பத்மாவதி நின்றாள்.

"ஏன் அண்ணை, கனடாவிலை ஓடு இல்லையாமோ?"

"கனடா இல்லை, பிள்ளை. இதுக்குள்ளைதான் இருக்கிறாள்" என்றார். காவலர் இருவர் ஓடிவந்து கையைப் பிடித்து, என்ன எறிந்தீர், யாருக்கு எறிந்தீர் என்று கேட்டபோது, தன் பெயர், தகப்பன் பெயர், ஊர், பார்த்த உத்தியோகம் எல்லாவற்றையும் உரத்துச் சொல்லி, "தயாளினி நான் வளர்த்த பிள்ளை. எறிஞ்சது அவளின்ரை பிள்ளையின்ரை பல்லு" என்று முடித்தார். பத்மாவதி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஏணி வைத்து ஏறிய காவலர் இறங்கி வரும்போது தொப்பியைக் கையில் ஏந்தி வந்தார். தொப்பி நிறையப் பால்பற்கள். சில மஞ்சளாகிப் பாசி பிடித்திருந்தன, சில நேற்று விழுந்தவை போல இருந்தன. "இதிலை உங்கடை எது, ஐயா?" என்று அவர் மரியாதையாகத்தான் கேட்டார். ஆழ்வாப்பிள்ளை கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். நிவேதனாவும் பார்த்தாள். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஆகவே காவலர் மறுபடி ஏறி, எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே கொட்டிவிட்டு வந்தார். வாக்குமூலம் எழுதவில்லை.

இப்போதும் முதல் வியாழக்கிழமைகளில் அவர்கள் மூன்று பேரும் காலை ஆறரை பஸ் எடுக்கிறார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு ஆழ்வாப்பிள்ளை மறியலில் இருக்கிற தயாளினியைப் பார்க்க என்று சொல்கிறார். மழை பெய்தால் பத்மாவதி அவருடைய குடைக்குள் வந்து நிற்பாள். வழக்கு அடுத்த மாதம் பத்தொன்பதாம் திகதிக்குத் தவணை. பிள்ளை மூன்றடி ஒன்பதரை அங்குலம்.