தங்கபாய் வீட்டு ஆள்கணக்கு

தங்கபாய் பஸ் ஏறினால் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும். அழகுக்காக இல்லை. இருந்த அழகு ஒன்பது பிரசவத்தில் போன இடம் தெரியவில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். ஊர் திரும்பிப் பார்த்தது அவள் ஆள்கணக்கு எடுக்கிற தினுசுக்காக.

ஒன்பது பிள்ளைகளைத் தலையை எண்ணிச் சமாளித்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள் ஒன்பது பெற்றுப் பார்த்தவர்கள் இல்லை. எண்ணி முடிப்பதற்குள் ஒன்று ஜன்னல் வழியாக இறங்கியிருக்கும். இடம் மாறி உட்கார்ந்த இன்னொன்றை இரண்டு தடவை எண்ணியிருப்போம். கணக்கு சரியாக வரும், பிள்ளை இருக்காது. அதனால் தங்கபாய் பத்துக் கற்பனைகளைக் குடும்பத்துக்குப் பங்கு வைத்துவிட்டாள். மோசே மலையிலிருந்து கொண்டுவந்த பத்துக் கட்டளைகளைத்தான் அவர்கள் சபையில் கற்பனைகள் என்பார்கள். மூத்தவனுக்கு முதலாவது, அடுத்தவளுக்கு இரண்டாவது என்று கடைக்குட்டி பொன்னேசம் வரைக்கும் ஒன்பது. அடுத்தவன் பொருளுக்கு ஆசைப்படாதே என்கிற பத்தாவது, மில்லில் ஃபிட்டராக இருந்த வீட்டுக்காரர் தேவஇரக்கத்துக்கு. அவரும் அதைச் சொல்லிக்கொண்டே பக்கத்து ஆளின் ஜன்னல் சீட்டைப் பார்ப்பார்.

வண்டி கிளம்புமுன் வரிசையாக ஒப்பிக்க வேண்டும். சத்தம் வந்தால் ஆள் இருக்கிறது. வராவிட்டால் ஆள் இல்லை, வண்டி நகரக்கூடாது. இதில் ஏழாவது பையன்தான் பெரிய தொல்லை. ஏழாவது கற்பனை கல்யாணமானவர்கள் ஒழுங்காக இருக்க வேண்டியதைப் பற்றியது. அவனுக்கு அர்த்தம் தெரியாது, தொண்டை மட்டும் பெரிசு. நிறைந்த பஸ்ஸில் அவன் அதை முழங்கும்போது நாலு பேர் குனிந்து செருப்பைப் பார்ப்பார்கள். ஒரு தடவை வேட்டி கட்டிய பெரிய மனிதர் ஒருவர் எழுந்து இறங்கியே போய்விட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ் கண்டக்டர் நம்பிக்கு இது பழகிப்போயிற்று. காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு நெற்றியில் நாமத்தோடு டூட்டிக்கு வருகிற மனுஷன், பத்தாவது காதில் விழுந்த பிறகுதான் விசிலை வாயில் வைப்பார். "அக்கா, எட்டு இன்னும் வரலையே" என்று அவரே எடுத்துக் கொடுப்பதும் உண்டு.

வேடிக்கையாகத் தெரிகிற இந்தக் கணக்கு ஆரம்பித்தது வேடிக்கைக்காக இல்லை. பொன்னேசம் வயிற்றில் இருந்தபோது சுந்தரபாண்டியத்தில் சொந்தக்காரர் களத்துமேட்டுக்குப் போயிருந்தார்கள். தங்கபாய் செத்த நேரம் திரும்பி நின்று யாரிடமோ பேசினாள். அந்த நேரத்தில் ஐந்தாவது பெண் அருள்செல்வி பின்னால் வந்த டிராக்டரின் சக்கரத்தில் மாட்டிக்கொண்டாள். உயிர் பிழைத்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அன்றைக்குத் தங்கபாய் யாரையும் எண்ணவில்லை. அதற்குப் பிறகு எண்ணாமல் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

அருள்செல்விக்கு மதுரையில் கட்டையும் தோல்வாருமாகக் கால் செய்து மாட்டினார்கள். வீட்டில் அதற்கு மதுரைக்கால் என்று பெயர். பிள்ளை வளர வளர மதுரைக்காலும் மாறியது. சின்னதாகிப்போன முதல் கால் கொல்லைக்கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது. இரண்டாவதை ஏழாவது பையன் கிரிக்கெட் ஸ்டம்பாக நட்டு வைத்து, தெருவில் உதை வாங்கினான். ராத்திரி கழற்றி வைத்த காலைக் காலையில் தேடுவது அந்த வீட்டுக்கு ஒரு தினசரி வேலை. "ஏலே, அவ காலு எங்கலே" என்ற தங்கபாயின் குரல் கேட்டுத்தான் பக்கத்து வீட்டு ராஜு குடும்பத்தார் அடுப்பையே மூட்டுவார்கள்.

சிரிப்பெல்லாம் சரி, ஓடுவது மட்டும் கூடாது. அது தங்கபாயின் பதினோராவது கற்பனை. நடக்கலாம், படிக்கலாம், சண்டை போடலாம், ஓடக்கூடாது.

எண்பத்தேழாம் வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சபையில் ஞாயிற்றுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டு விழா வைத்தார்கள். சுற்றுவட்டார ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் வரலாம். அந்த வாரம் முழுக்க அருள்செல்வி அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள். பன்னிரண்டு வயசுப் பெண், வாயைத் திறந்தால் வக்கீல் தோற்பான்.

"எம்மா, மூணு கால் ஓட்டத்துல மட்டும் சேருதேன். வேற எதுவும் கேக்க மாட்டேன்."

"பேசாம கெட."

"அதுல ரெண்டு பேரு காலையும் சேத்துக் கட்டிருவாவ. எல்லாரும் நொண்டித்தான் ஓடணும். நானும் நொண்டுவேன். அந்த ஒரு ஓட்டத்துலதான் நானும் மத்தவளுவளும் ஒண்ணு."

தங்கபாய் நிமிர்ந்து பார்க்காமல் உரலில் மாவைத் தள்ளினாள். "விழுந்தா?"

"விழுந்தா எந்திரிப்பேன்."

"நீ விழுந்தா நான் எந்திரிக்க மாட்டேன், கேட்டுக்க. நான் குழம்பு கிண்டுத எடத்துலதான் நீயும் இருக்கணும். பந்திக்கு எலை தொடைக்க ஆள் வேணும்."

பிள்ளை ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள். அந்த மௌனத்தைத் தங்கபாய் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆறாவது பெண் ஞானப்பூவும் அவளும் சில நாளாகத் தண்ணீர் எடுக்கப் போனாலும் கோழியை அடைக்கப் போனாலும் தோள்மேல் கைபோட்டு ஒட்டிக்கொண்டே போனதையும் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அக்கா தங்கச்சி ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்று ஆண்டவருக்கு நன்றி சொன்னாள், பாவம்.

சனிக்கிழமை காலை நம்பியின் பஸ்ஸில் பத்தும் ஒழுங்காக ஒலித்தன. கோபுரம் தெரிய ஆரம்பித்ததும் பிள்ளைகள் எழுந்து படிக்கட்டை அடைத்துக்கொண்டன. சபைக் கோவிலுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். பொரிகடலைக்காரர் சைக்கிளோடு வந்துவிட்டார். தங்கபாய் சபைப் பெண்களோடு மதில் சுவருக்கு இந்தப் பக்கம் ஆட்டுக்கறிக் குழம்பு அண்டாவின் முன்னால் நின்றாள். பிள்ளைகள் சுவருக்கு அந்தப் பக்கம். அருள்செல்வி மட்டும் சுவர் ஓரமாக இலை துடைத்துக்கொண்டிருந்தாள். "செத்த அந்தப் பக்கம் வேப்பமர நெழல்ல ஒக்காந்து தொடைக்கேன், பொகை கண்ணுல படுது" என்று கேட்டபோது, தங்கபாயும் சரி என்று சொல்லித் தொலைத்தாள்.

மசாலா கொதிக்கும் நேரம். குழம்புக்கரண்டியைக் கையிலிருந்து வைக்காமலே சுவரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏலே, ஒண்ணு."

சுவருக்கு மேலே முதலாவது கற்பனை வந்தது. இரண்டு, மூன்று, நான்கு வந்தன. தாயையும் தகப்பனையும் மதிக்கச் சொல்லும் ஐந்தாவதும் வேப்பமரப் பக்கமிருந்து, கொஞ்சம் மெல்லிய குரலில், வந்தது. பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, போனதும் மிளகு ரசம் வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். தூரத்தில் கோட்டுப் பக்கமிருந்து ஆறாவது கேட்டது. ஏழாவதில் போதகர் தும்மினார். எட்டும் வந்தது.

ஒன்பது வரவில்லை.

"ஏட்டி பொன்னேசம், ஒம்பது எங்க?"

வேப்பமரப் பக்கம் ஒரு விசும்பல். ஒன்பதாவது, பொய் சொல்லாதே என்கிற கற்பனை. ஆறு வயசுப் பொன்னேசம் அக்காவுக்குப் பதிலாக ஐந்தாவதைச் சொல்லிவிட்டாள். சொன்ன வாயாலேயே ஒன்பதாவதைச் சொல்ல அவளுக்கு வரவில்லை. "என்னால முடியல, எம்மா" என்று ஒப்பாரி வைத்தாள்.

தங்கபாய்க்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிப்போயிற்று. அண்டா போனால் போகிறது என்று கரண்டியோடு ஓடினாள். மதில் கதவைத் தாண்டும்போது சேலை ஆணியில் மாட்டிக் கிழிந்தது. அதையும் பார்க்கவில்லை. மைதானத்தில் விசில் ஊதியாகிவிட்டது. ஜோடி ஜோடியாகப் பிள்ளைகள் பின்னிப் பிணைந்து தள்ளாடி வந்துகொண்டிருந்தன. நடுவில் அருள்செல்வியும் ஞானப்பூவும். மதுரைக்காலையும் ஞானப்பூவின் வலது காலையும் சிவப்புத் துண்டால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வெட்கமே இல்லாமல் முதல் ஆளாக வந்தார்கள்.

தங்கபாய் வாயைத் திறப்பதற்குள் அது நடந்தது. மதுரைக்காலைத் தொடையில் பிடித்திருந்த வாரின் கொக்கி பட்டென்று விட்டது. அருள்செல்வி குப்புற விழுந்தாள். வேகத்தை அடக்க முடியாத ஞானப்பூ தன் இரண்டு காலோடு அக்காவின் மதுரைக்காலையும் இழுத்துக்கொண்டு, ஒற்றை ஆளாக மூன்று காலோடு ஓடினாள். பின்னால் வந்த ஜோடிகள் அந்தக் காட்சியைப் பார்த்த அதிர்ச்சியில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சரிந்தன.

தங்கபாய் மகள் பக்கத்தில் போய் விழாக்குறையாக நின்றாள். களத்துமேட்டு மண்ணும் இந்த மண்ணும் ஒன்றாகிவிட்டன அவளுக்கு. தூக்கக் குனிந்தபோது அருள்செல்வி தலையை நிமிர்த்தினாள். மூக்கில் மண், முகமெல்லாம் சிரிப்பு.

"எம்மா, வழிய விடுங்கம்மா. அவ என் காலக் கொண்டு ஓடுதா."

இத்தனை வருஷமாகத் தங்கபாய் அந்தப் பெண்ணுக்கு எதிரில் நின்றே பழகியவள். விழுந்துவிடுவாளோ என்று நின்றாள், வலித்துவிடுமோ என்று நின்றாள். இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். ஒரு எட்டு ஒதுங்கினாள்.

அருள்செல்வி எழுந்து ஒற்றைக் காலால் தத்தித் தத்திப் போனாள். திரும்பிப் பார்த்து நின்ற ஞானப்பூவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாக மறுபடி கிளம்பினார்கள். தொங்கிய மதுரைக்கால் தரையைக் கூட்டிக்கொண்டே வந்தது. பின்னால் சரிந்து கிடந்த ஜோடிகளும் எழுந்து துரத்த ஆரம்பித்தன. அப்போதுதான் தங்கபாய்க்கு என்னவோ பிடித்துக்கொண்டது.

"ஏட்டி, வெரசா வாங்கட்டி. பின்னால வாராளுவ. தத்துட்டி என் ராசாத்தி, தத்து" என்று கத்திக்கொண்டு பக்கத்திலேயே ஓடினாள். கரண்டியை வீசி வீசி ஓடினாள். அதிலிருந்து தெறித்த குழம்பு போதகரின் வெள்ளை அங்கியில் பட்டது. கடைசியில் முடிவுக்கோட்டை முதலில் தாண்டியது அவள்தான். அவளுக்குப் பின்னால் சுந்தரபாண்டியத்து ஜோடி ஒன்று மயிரிழையில் முந்த, அருள்செல்வியும் ஞானப்பூவும் வந்து அவள் மேலேயே விழுந்தார்கள்.

மூன்றாவதாக வந்த பிள்ளைகளில் ஒன்றின் தகப்பனார், கால் கழன்றவர்களுக்கு இரண்டாம் பரிசு எப்படிக் கொடுக்கலாம் என்று பிரச்சினை கிளப்பினார். போட்டி நடத்திய அருளப்பன் வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"துண்டு அவுந்தாத்தான் அவுட்டு. துண்டு அவுரலையே. காலுதான அவுந்திருக்கு. ரெண்டு பேருக்கும் சேத்து மூணு காலு ஓடணும், மூணு காலு ஓடிருக்கு. எனக்குத் தெரிஞ்சு இன்னைக்கு ஒழுங்கா ஓடுனது இந்த ஒரு சோடிதான்."

மைதானம் சிரித்துப் புரண்டது. இரண்டாம் பரிசு பெரிய பெட்டி பால்கோவா. தங்கபாய் தரையில் உட்கார்ந்து, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியாமல், மகளின் மூக்கு மண்ணைத் துடைத்தாள். அந்த நேரம் பார்த்து அண்டாப் பக்கமிருந்து தீய்ந்த வாசனை வந்தது. அன்றைக்குச் சபையே தீய்ந்த கறிக்குழம்பைச் சாப்பிட்டது. ருசியாக இருந்ததாக எல்லோரும் பொய் சொன்னார்கள், பொன்னேசத்தைத் தவிர.

பொழுது சாய பஸ் ஏறினார்கள். நம்பி எல்லாவற்றையும் ஊரிலேயே கேள்விப்பட்டுவிட்டார். ஒன்றும் தெரியாதவர்போல விசிலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். முதலாவது வந்தது. இரண்டு, மூன்று, நான்கும் வந்தன.

பிறகு சத்தமில்லை.

அருள்செல்வி கடைசி சீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். பகல் முழுக்கச் சிரித்த பெண்ணுக்கு இப்போது வாய் திறக்கவில்லை. அம்மா பேச்சை மீறி ஓடிவிட்டு, தாயை மதிக்கச் சொல்கிற கற்பனையை எந்த முகத்தோடு சொல்வது? தலையைக் குனிந்து மதுரைக்காலின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். தேவஇரக்கம் மனைவியைப் பார்த்தார். பஸ்ஸே தங்கபாயைப் பார்த்தது.

"அக்கா, அஞ்சு வரலையே" என்றார் நம்பி.

தங்கபாய் முன் சீட்டிலிருந்து திரும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஐந்தாவது கற்பனையை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும் நிறுத்தி நிதானமாகத் தானே சொன்னாள்.

ஞானப்பூ ஆறாவதைச் சொன்னாள். ஏழாவதுக்குச் சிலர் செருப்பைப் பார்த்தார்கள். பொன்னேசம் ஒன்பதாவதை அழுத்தம் திருத்தமாகச் சொன்னாள். தேவஇரக்கம், பொன்னேசத்தின் மடியிலிருந்த பால்கோவாப் பெட்டியைப் பார்த்தபடியே பத்தாவதை முடித்தார். நம்பி விசிலை வாயில் வைத்தார்.

"அண்ணே, செத்த பொறுங்க." கடைசி சீட்டில் அருள்செல்வி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். கண்ணைத் துடைத்துவிட்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி ஐந்தாவதைச் சொன்னாள்.

நம்பி தலையைச் சொறிந்தார். "என்னக்கா, இப்பம் கணக்குல ரெண்டு அஞ்சு வருதே."

"இருக்கட்டும் தம்பி" என்றாள் தங்கபாய். "ஒண்ணு அவ எனக்குச் சொன்னது. ஒண்ணு நான் அவளுக்குச் சொன்னது. நீங்க வண்டிய விடுங்க."