இரண்டாவது கையெழுத்து

1

இந்தக் கதை என் அக்காவின் எரிச்சலில் பிறந்தது. அவள் குழந்தை மருத்துவர். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க அவளுக்கு முப்பது புள்ளிகள் வேண்டும். மருத்துவமனையில் நடக்கும் சொற்பொழிவை உட்கார்ந்து கேட்டால் இரண்டு புள்ளி. அவளிடம் இருபத்தெட்டு இருந்தன. போன வாரம், கடைசி நாளுக்கு முந்தின நாள், அப்படி ஒன்றுக்குப் போய்வந்தவள், பையைக்கூட இறக்கி வைக்காமல் ஆரம்பித்தாள். முக்கால்வாசி சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். மிச்சம் என் தலையில் விழுந்திருக்கிறது.

2

‘குளிரூட்டப்பட்ட அரங்கில் அறிவுத் தாகத்தோடு கூடிய மருத்துவர்கள்...’

(அடித்துவிட்டேன். ஏசி ஓடவில்லையாம். தாகம் இருந்ததாம், ஆனால் தண்ணீர் வைக்கவில்லையாம்.)

மறுபடியும். அக்கா நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து எண்பது குழந்தைகளைப் பார்த்துவிட்டு நேராக வந்தவள். உள்ளே வரும்போது ஒரு கையெழுத்து, போகும்போது ஒன்று. இரண்டும் இருந்தால்தான் புள்ளிக்கான சான்றிதழ். இரண்டாவது கையெழுத்துக்கான தாள் கேள்வி நேரம் முடிந்தால்தான் வாசலுக்கு வரும். இடைப்பட்ட நேரத்தில் பாதிப் பேர் செல்போனில் இருந்தார்கள், மீதிப் பேர் தூக்கத்தில்.

பேசியவர் துறைத் தலைவர். பட்டப்பெயர் ‘அடுத்த ஸ்லைடு’. ஒன்பது வருடமாக அதே படங்கள், அதே நகைச்சுவை, அதே இடத்தில் இருமல்.

3

முதல் பிரதியில் இவரை வில்லனாக்கியிருந்தேன். அக்கா படித்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினாள்.

“அவர் நல்ல மனுஷன்டா. அவர் தூக்கினா குழந்தை அழுகையை நிறுத்திடும். தப்புன்னு யாராவது சொன்னாத்தான் தாங்க மாட்டார்.”

போன வருடம் ஒருவர் சொன்னாராம். சொன்னவருடைய சான்றிதழ் எட்டு மாதமாக ‘கையெழுத்துக்கு இருக்கிறது’. சான்றிதழில் கையெழுத்துப் போடுபவரும் தலைவரேதான்.

4

இருபத்தோராவது படத்தில் ஒரு மருந்து*. பத்து கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்குக் கொடுக்க வேண்டிய மொத்த அளவை, ஒரு வேளைக்கு என்று போட்டிருந்தார்கள். மூன்று வேளை கொடுத்தால் மூன்று மடங்கு. அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. முன்வரிசையில் இரண்டு பேர் அந்தப் படத்தைச் செல்போனில் பிடித்துக்கொண்டார்கள்.

“கேள்வி இருக்கா?” என்றார் தலைவர்.

அரங்கமே பாதி எழுந்து, தோளில் பையோடு நின்றது. பக்கத்து நாற்காலி மயக்க மருத்துவர் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டார்.

“நானும் பார்த்தேன் மேடம். தப்புதான். ஆனா இப்ப வாயைத் திறந்துடாதீங்க, எனக்கு ஆறு மணிக்கு ஆபரேஷன் இருக்கு.”

(* பெயரை அக்கா அடித்துவிட்டாள். “உன் கதையைப் படிச்சு எவனாவது குடுத்துத் தொலைப்பான்.”)

5

இங்கேதான் அவள் குளிக்கப் போனாள். எனக்கு வந்த முடிவுகள்:

அக்கா கையைத் தூக்குகிறாள். தலைவர் நன்றி சொல்கிறார். கைதட்டல். (“கைதட்டலா? நீ ஒரு தடவை வந்து உட்கார்ந்து பாரு.”)

கையெழுத்துப் போட்டுவிட்டு, படிக்கட்டில் அவரிடம் தனியாகச் சொல்கிறாள். (“அதுக்குள்ள போட்டோ எடுத்தவங்க வார்டுக்குப் போயிருப்பாங்க.”)

பேசாமல் கையெழுத்துப் போட்டு, வீட்டுக்கு வந்து, தம்பியிடம் கத்துகிறாள்.

மூன்றாவதைப் படித்ததும் அவள் தாளை மடித்து வைத்துவிட்டாள்.

அன்று அவள் யார்மேல் அவ்வளவு கோபமாக இருந்தாள் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

“அக்கா, கையைத் தூக்கினியா இல்லையா? அதை மட்டும் சொல்லு.”

“கதை எழுதுறவன் நீதானே.”

6

எனக்குத் தெரிந்த மிச்சம் இவ்வளவுதான். கடைசி நாள் கடந்துவிட்டது. புதுப்பிப்புப் படிவம் சாப்பாட்டு மேசையில், உப்பு டப்பாவுக்கு அடியில் அப்படியே கிடக்கிறது. பதிவு இல்லாமல் குழந்தைகளைப் பார்க்க முடியாது; அக்கா லீவில் இருக்கிறாள். கேள்வி கேட்டதால் சான்றிதழ் வரவில்லையா? கேட்காமல் வாங்கிய சான்றிதழை இணைக்க மனம் வரவில்லையா? டப்பாவைத் தூக்கி, அடியில் சான்றிதழும் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். எனக்குத் தைரியமில்லை.

நானாக இருந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருப்பேன். அதனால்தான் என்னால் இதை முடிக்க முடியவில்லை. அந்தப் படம் இரண்டு செல்போன்களிலாவது இருக்கிறது, அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

நான் எழுந்துவிட்டேன், பை தோளில் இருக்கிறது. தாள் இன்னும் வாசலுக்கு வரவில்லை.

கேள்வி இருக்கா?