சில்லறைக்கு வந்த அபராதம்

பார்லர்காரிக்குக் கடன் என்றாலே ஆகாது. கணவரின் கிரெடிட் கார்டோடு அவளுக்கும் ஒரு கூடுதல் கார்டு வந்தபோதே, "இதுல இன்னிக்கு வாங்கினா இன்னிக்கே கட்டிடுவேன், ஆமா" என்று சொல்லித்தான் கையில் வாங்கினாள். சொன்னபடியே செய்தாள். ஷாம்பு, ஹேர் டை, துண்டு என்று எதை வாங்கினாலும் கடை சாத்துவதற்குள் போனிலேயே பணத்தைக் கட்டிவிடுவாள்.

ஆனால் தொழில் பழக்கம் லேசில் விடுமா? முடி வெட்ட வருகிறவர்களிடம் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சில்லறையை அவள் ஒருநாளும் வாங்கியதில்லை. "அது கிடக்கட்டும் விடுங்கக்கா" என்பாள். வங்கிக்குக் கட்டும்போதும் அதே கைதானே! தொகையைத் தட்டினாள், வாலில் இருந்த சில்லறையை விட்டுவிட்டாள். மாதக் கடைசியில் அந்தச் சில்லறைக்கு மட்டும் ஒரு பில் வந்தது. ஒரு டீ குடிக்கக்கூடக் காணாத காசு. "இதுக்கொரு பில்லாம், அதுக்கொரு தேதியாம்!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். கெடு தாண்டியது. அடுத்த பில்லில் தாமதக் கட்டணம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. கடையின் ஒருநாள் வருமானம் அப்படியே போச்சு.

அதோடு தொலைந்திருந்தால் பரவாயில்லை. பக்கத்து அறையையும் சேர்த்து எடுத்து இன்னொரு நாற்காலி போடலாம் என்று, வாழ்க்கையிலேயே முதல்முறையாகப் பல்லைக் கடித்துக்கொண்டு அதே வங்கியில் கடன் கேட்டிருந்தாள். அறைக்காரர் இந்த வாரம் வரைதான் பொறுப்பாராம். வங்கியோ, "கார்டுல தாமதம் இருக்கு" என்று கையை விரித்துவிட்டது.

அவளும் கணவரும் வங்கிக்கு நேரில் போனார்கள். அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். ஹாரன் அடிக்கக்கூட யோசிக்கிற ஆள். கார்டு அவர் பெயரில் என்பதால் அதிகாரி அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"சார், இதுல கையெழுத்துப் போடுங்க. கட்டணத்தையும் எடுத்துடலாம், கடனும் பாஸ் ஆயிடும்" என்று அச்சடித்த தாளை நீட்டினார்.

அவள் எட்டிப் பார்த்தாள். 'என் மனைவியின் பொறுப்பின்மையால் தொகை செலுத்தப்படவில்லை. மன்னிக்கவும்.'

"நானா பொறுப்பில்லாதவ?" அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. பர்ஸிலிருந்து காசை எடுத்து மேசையில் வைத்தாள். "சில்லறையை விட்டது என் தப்பு. இந்தாங்க. வாங்கின அன்னிக்கே கட்டினவளை என்ன வார்த்தை சொல்றீங்க!"

"கூடுதல் கார்டுன்னா இதுதான் வாசகம் மேடம். மாத்த முடியாது."

கணவர் மெல்ல, "வெறும் பேப்பர்தானேம்மா? அறை கைவிட்டுப் போயிடும்" என்றபடி பேனாவை எடுத்தார்.

அவளுக்கு அழுகை முட்டியது. இந்த ஆள் முன்னால் அழுவதா, செத்தாலும் மாட்டேன் என்று விழுங்கிக்கொண்டாள். "போடுங்க. அறை வந்துடும். அதுக்குள்ள நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நுழையறது?"

அவர் தாளை உதடசைத்து இன்னொரு முறை படித்தார். பிறகு 'பொறுப்பின்மையால்' என்ற சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தார். போதாதென்று இன்னொரு கோடு.

"சார், அடிச்சா செல்லாது!"

"செல்லாட்டிப் போகட்டும்யா!" கவுன்ட்டர் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "நான் மறந்த பில்லையெல்லாம் ஞாபகம் வெச்சுக் கட்டறவ இவ. இவளைக் கேவலப்படுத்தி வர்ற கடன் எனக்கெதுக்கு? உங்க அபராதத்தை எடுத்துக்கிட்டுக் கார்டை மூடுங்க."

மூடிவிட்டுத்தான் எழுந்தார்கள். வெளியே தெருவுக்கு வந்ததும் அவர் நடையை நிறுத்தினார். "அறை போச்சேம்மா..."

"போனா போகுது போங்க" என்று அவர் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், நட்டநடுத் தெருவில் அவள் அவர் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.